நாகைப் பக்கம் நிலம் வாங்கலாமா, இறால் போடலாமா?

குவைத்தில் 12 ஆண்டு உழைத்துச் சேர்த்த 30 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது, தலைஞாயிறு பக்கம் அப்பா வழியில் வந்த 4 ஏக்கர் நஞ்சையும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. நாகைக் கடற்கரை பெரிதாக வளரப்போகிறது என்று எல்லோரும் சொல்வதால், சாலையோரம் நிலம் வாங்கிப் போடலாமா, இறால் பண்ணை வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். நிலத்தையும் இறாலையும் கேட்டாலும், பிள்ளைகளோடு ஊர் திரும்பினால் இந்த மண்ணில் பிழைக்க வழி உண்டா என்பதுதான் உங்கள் கேள்வி என்று நான் புரிந்துகொள்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

நான் ஒரு வங்கியில் விவசாயக் கடன் அலுவலராக 29 ஆண்டு வேலை பார்த்தவன். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், நாகை, சீர்காழி என்று டெல்டாவின் கடலோரக் கிளைகளிலேயே பெரும்பாலும் இருந்தேன். கடன் கொடுக்கும் முன் வயலையும் குளத்தையும் படகையும் நேரில் போய்ப் பார்த்தேன், வசூலுக்கு அதே வாசலுக்கு மறுபடி போனேன். எந்தத் தொழில் எந்த ஆண்டில் கவிழ்ந்தது, ஏன் கவிழ்ந்தது என்பது அந்த இரண்டாவது நடையில்தான் தெரியும். நான் மண்ணியல் படித்தவன் இல்லை, மீன்வளம் படித்தவனும் இல்லை. அதனால் கண்ணால் பார்த்ததையும் என் கணிப்பையும் தனித்தனியாகவே சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. இந்தக் கடற்கரையின் பொருளாதாரம், ஆற்று நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பொருளாதாரம். மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). குறுவை நெல்லுக்கு ஜூன் 12இல் திறப்பது மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2020இலிருந்து நான்கு ஆண்டுகள் நேரத்துக்கோ அதற்கு முன்போ திறந்தார்கள், 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் கர்நாடக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் நமக்கு 177.25 டி.எம்.சி. என்று வகுத்துக் கொடுத்த பிறகு, ஆண்டுக் கணக்குக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. ஆனால் கேட்கும் மாதத்தில் வருகிறதா என்பது இன்னமும் கர்நாடகத்து மழையைப் பொறுத்தே இருக்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள், அங்கிருந்து வெண்ணாறு வழியாகப் பிரிந்து பிரிந்து அடப்பாற்றுக்கும் அரிச்சந்திரா நதிக்கும் வந்து உங்கள் வாய்க்காலில் ஏற இன்னும் பல நாள். தஞ்சாவூர் பக்கம் நாற்று விட்டுக்கொண்டிருக்கும்போது தலைஞாயிற்றில் வாய்க்கால் காய்ந்து கிடப்பதை நீங்களே சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். ஐப்பசி கார்த்திகையில் அது அப்படியே தலைகீழாகும். மேலே வடிகிற வெள்ளமெல்லாம் உங்கள் வயலைக் கடந்துதான் கடலுக்குப் போக வேண்டும். கடலில் ஏற்றம் இருக்கும் நேரத்தில் அது போகாது, பயிர் பத்து நாள் மூழ்கிக் கிடக்கும். வறட்சியில் கடைசி ஆள், வெள்ளத்தில் முதல் ஆள்.

உப்பும் அப்படித்தான். ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடும்வரை கடல் ஒதுங்கி நிற்கும். ஓட்டம் குறைந்தால் உப்பு நீர் வடிகாலாறுகள் வழியாக உள்ளே ஏறும். கடல்நீரைத் தடுக்கும் கடைமடை ரெகுலேட்டர் மதகுகளின் பலகை பழுதாகி நின்ற ஆண்டுகளில் கடற்கரையிலிருந்து வெகுதூரம் வரை கரையோர வயலில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வெண்ணாறு துணைப்படுகையில் அடப்பாறு, அரிச்சந்திரா நதி, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு இவற்றின் கரைகளையும் மதகுகளையும் சீர்செய்யும் வேலை நடந்தது. உங்கள் ஊருக்கு வந்த வளர்ச்சித் திட்டங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். செய்தித்தாளில் நாலு வரிகூட வராது, ஆனால் உங்கள் 4 ஏக்கரின் மதிப்பைக் காப்பது அந்த மதகுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்தபோது நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல் உயிர் போனது. கடலோர வயல்களில் உப்புச்சேறு ஏறி நின்றது. இனி பத்து வருடத்துக்கு ஒன்றும் விளையாது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை மடக்கி உழுது, இரண்டு வடகிழக்குப் பருவமழையின் நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்ததும் பல வயல்கள் மீண்டுவிட்டன. தண்ணீரும் வடிகாலும் சரியாக இருந்தால் இந்த மண் எழுந்துகொள்ளும். அந்த நம்பிக்கை எனக்கு அன்றைக்கு வந்தது, இன்னும் போகவில்லை.

சரி, நெல் கணக்குக்கு வருவோம். உங்கள் பக்கம் சம்பா ஒரு போகம் உறுதி என்று வைத்துக்கொள்ளலாம். கடைமடையில் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 25 மூட்டை கண்டால் நல்ல விளைச்சல். அது 15 குவிண்டால். 2025–26 பருவத்தில் சன்ன ரகத்துக்கு மாநில ஊக்கத்தொகையோடு குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500 ரூபாய். சன்ன ரகமே போட்டாலும் ஏக்கருக்கு 38,000 ரூபாய்ச் சொச்சம். உழவு, விதை, உரம், களை, மருந்து, அறுவடை இயந்திரம் எல்லாம் சேர்த்து 25,000 முதல் 30,000 வரை போய்விடும். இந்தச் செலவு நான் பார்த்த கணக்கு, ஊருக்கு ஊர் மாறும். 4 ஏக்கருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 40,000 ரூபாய் மிஞ்சினால் பெரிது. அதுவும் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்து, சாக்கும் லாரியும் நேரத்துக்கு வந்து, நெல் களத்தில் நனையாமல் இருந்தால்தான். குவைத்தில் இரண்டு மாதத்தில் நீங்கள் சேர்த்த பணம் அது. நெல்லை மட்டும் நம்பிக் குடும்பத்தோடு வராதீர்கள் என்று நான் சொல்வது இந்தக் கணக்கால்தான். அதற்காக நிலத்தை விற்காதீர்கள். வீட்டு அரிசியும் வைக்கோலும் மாட்டுக்குத் தீனியும் அந்த நிலத்திலிருந்துதான் வரும். உம்பளச்சேரி மாடு என்று ஓர் இனமே உங்கள் பக்கத்து ஊர் பெயரில் இருக்கிறது, அந்தச் சேற்றில் உழவென்றே வளர்ந்த மாடு. அதை வைத்திருக்கும் வீடுகள் இப்போது குறைந்துவிட்டன என்பது எனக்கு மனவருத்தம்.

அப்புறம் பெரிய திட்டங்கள். நரிமணம் பனங்குடியில் சி.பி.சி.எல். என்ற சென்னை பெட்ரோலிய நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1993இல் ஆண்டுக்கு 5 லட்சம் டன் திறனோடு தொடங்கியது, பிறகு 10 லட்சம் டன் ஆனது. அங்கேயே 90 லட்சம் டன்னில் புது ஆலைக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். நிலம் கொடுத்தவர்கள் மறுவாழ்வுத் தொகைக்காகப் போராடினார்கள். காரைக்கால் துறைமுகம் 2009இல் இயங்கத் தொடங்கி, 2023இல் 1,485 கோடி ரூபாய்க்கு அதானி நிறுவனத்துக்குக் கைமாறியது. அங்கே இறங்குவதில் பெரும்பங்கு நிலக்கரி. இதெல்லாம் நடந்தவை. இவற்றால் சுற்றுவட்டாரத்துச் சிறு தொழில் பெருகுமா என்பது கணிப்பு. என் கணிப்பு, நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்குப் பெருகாது என்பதே. சுத்திகரிப்பு ஆலை கட்டும் காலத்தில் ஆயிரக்கணக்கில் ஆள் கேட்கும், ஓடத் தொடங்கிய பிறகு சில நூறு தேர்ந்த ஆட்கள் போதும். நிலக்கரித் துறைமுகத்தில் சரக்கு ரயிலேறி வெளியே போய்விடும். அதோடு 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சை, திருவாரூர், நாகைப் பகுதிகளில் புதிதாக எண்ணெய், எரிவாயு தோண்டுவதையும், உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைப்பு போன்றவற்றையும் தடுக்கிறது. கடலூர், நாகை கடற்கரையில் 2017இல் அறிவித்த பெட்ரோகெமிக்கல் முதலீட்டு மண்டலத்தையும் கைவிட்டுவிட்டார்கள். நான் அந்தச் சட்டத்தை வரவேற்றவன். நெருக்கமாக ஊர் நிறைந்த, நிலத்தடியில் உப்பு காத்திருக்கும் நிலத்தில் ரசாயன ஆலை வைத்தால், ஒரு தலைமுறைக்குக் கூலி கிடைக்கும், அதற்கப்புறம் குடிக்கத் தண்ணீர் இருக்காது.

அறிவிப்பை நம்பி நிலம் வாங்குவது பற்றி ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1861–62இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு ரயில் ஓடியது, தென்னாட்டின் பழைய பாதைகளில் ஒன்று. ரயில்வே பட்டறையும் நாகையிலேயே இருந்தது. 1920களில் அந்தப் பட்டறை பொன்மலைக்குப் போனது. அந்த ஒரே முடிவில் நாகையின் கம்மியர், தச்சர் குடும்பங்கள் பல திருச்சிக்குப் பெயர்ந்தன. பிறகு மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன கப்பல்கள் 1980களில் நின்றன. இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள், சில நாளில் நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி வந்தது. வெளியூரில் யாரோ எடுக்கும் முடிவால் வருவது அப்படி எடுக்கும் இன்னொரு முடிவாலேயே போகும். தரங்கம்பாடி, சீர்காழிக் கடற்கரையில் அனல்மின் நிலையம் வருகிறது என்ற பேச்சில் அதிக விலைக்கு மனை வாங்கி, வட்டி கட்டிக் களைத்த வாடிக்கையாளர்களை எனக்குத் தெரியும். சாலையோர மனை வாங்குவதென்றால், விழுப்புரம்–நாகை நான்குவழிச் சாலையும் வேளாங்கண்ணி, நாகூர் போக்குவரத்தும் இன்றைக்கே கொண்டுவரும் வாடகையைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். நாளைக்கு வரப்போகிறது என்று சொல்வதற்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இறாலைப் பற்றி நீங்கள் ஆசையாக எழுதியிருப்பதால் இதைப் பொறுமையாகப் படியுங்கள். 1990களின் தொடக்கத்தில் இந்தக் கடற்கரை முழுக்க இறால் காய்ச்சல் பிடித்தது. நெல் வயலை வெட்டிக் குளமாக்கினார்கள், உப்புத் தண்ணீர் பக்கத்து வயலுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் கசிந்தது. காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர் கிராமம் கிராமமாகப் போராடினார்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது, விளைநிலத்தைப் பண்ணையாக மாற்றக் கூடாது என்றது. அதற்கு முன்பே வெள்ளைப்புள்ளி நோய் வந்து பல குளங்களை ஒரே வாரத்தில் காலி செய்துவிட்டது. வேதாரண்யம் பக்கம் ஒரு பண்ணைக்காரர், விடிகாலையில் கரையோரம் ஒதுங்கிக் கிடந்த இறாலைக் கூடையில் அள்ளிக்கொண்டே என்னிடம் கடனைப் பற்றிப் பேசியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவருக்குக் கடன் பரிந்துரைத்தவன் நான்தான். 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டம் வந்தது, 2009க்குப் பிறகு வனாமி என்ற வேறு இன இறால் வந்தது, தொழில் மறுபடி நிமிர்ந்தது. இன்று முறையாகச் செய்பவர்கள் பணம் பார்க்கிறார்கள், அதை மறுக்கவில்லை.

ஆனால் செலவில் பாதிக்கு மேல் தீவனம். குளத்து நீருக்குக் காற்று கொடுக்கும் இயந்திரம் இரவெல்லாம் ஓட வேண்டும், ஒரு மணி நேரம் மின்சாரம் போய் ஜெனரேட்டரும் எழாவிட்டால் குளமே போய்விடும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். விலையும் உங்கள் கையில் இல்லை. கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கவுண்ட் கணக்கில் நாளுக்கு ஒரு விலை சொல்வார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியதும் இங்கே குளத்தங்கரை விலை ஆட்டம் கண்டது. உங்கள் 4 ஏக்கர் நஞ்சையைக் குளமாக்கச் சட்டம் இடம் தராது, தந்தாலும் செய்யாதீர்கள். உரிமம் உள்ள ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்து, அனுபவக்காரரோடு பங்காக இரண்டு பட்டம் பார்த்தால் உங்களுக்குப் பொருந்துமா என்று தெரிந்துவிடும். அப்போதும் கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

மீன்பிடி உங்களுக்கு நேரடித் தொழில் இல்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பத்து விசைப்படகுகள் டீசல் விலைக்கும் இலங்கை எல்லைப் பிரச்சினைக்கும் நடுவே ஓடுகின்றன. 2017இலேயே இலங்கை, கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலையைத் தடைசெய்துவிட்டது. பூம்புகார், தரங்கம்பாடி பக்கம் சுருக்குமடி வலையால் ஊருக்கும் ஊருக்கும் சண்டை. கடலில் மீன் கூடப்போவதில்லை. பிடித்த மீனுக்குக் கூடுதல் விலை கிடைக்க வைப்பதில்தான் இடம் இருக்கிறது. நல்ல ஐஸ், சுத்தமான உலர்களம், தரம் பிரித்துப் பொட்டலம் போடுவது, இவற்றில் முதலீடு குறைவு, ஆள் குறைவு. நாகையிலேயே 2012 முதல் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பயிற்சி எடுத்த மகளிர் குழுக்களுக்கு நான் கொடுத்த சிறு கடன்கள் பெரிய படகுக் கடன்களைவிட ஒழுங்காகத் திரும்பி வந்தன.

இதுதான் நான் சொல்ல வரும் முக்கியமான விஷயம். இந்தக் கடற்கரையிலிருந்து எல்லாமே மூட்டையாகவும் கூடையாகவும் வெளியேறுகின்றன. நெல் நெல்லாகவே போகிறது, அரவை வேறு எங்கோ. அகஸ்தியம்பள்ளி, கோடியக்காட்டு உப்பு லாரியில் ஏறிப் போகிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்த உப்பு இங்கேதான் விளைகிறது, 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து அள்ளிய அதே உப்பு. 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி அகல ரயில்பாதை திறந்ததால் அனுப்புவது எளிதாகலாம். ஆனால் அயோடின் கலந்து பொட்டலம் போடும் லாபம் உப்பளத்துக்காரருக்கு இன்னும் முழுதாக வரவில்லை. ஆயக்காரன்புலம், கருப்பம்புலம் முல்லைப் பூ விடிகாலையில் பறிபட்டு, விலை ஏறிய நாளில் சிரிப்பும் இறங்கிய நாளில் கண்ணீருமாகப் போகிறது. நீர் கடைசியாக வருகிறது, விலை வேறிடத்தில் தீர்மானமாகிறது. இந்த இரண்டில் முதலாவதை நீங்களும் நானும் மாற்ற முடியாது. இரண்டாவதில் கொஞ்சம் கை வைக்க முடியும்.

அதனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால், 30 லட்சத்தில் 10 லட்சத்தைத் தொடாமல் வைப்பில் போடுவேன். இங்கே பத்தாண்டில் ஒரு புயலும் ஒரு வறட்சியும் வரும் என்றே கணக்குப் போட வேண்டும். கஜாவில் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தபோது, கையிருப்பு உள்ளவர்கள் கன்று வைத்துக் காத்திருந்தார்கள், இல்லாதவர்கள் திருப்பூர் போனார்கள். அடுத்த 12 லட்சத்தில் ஒரு சிறு நெல் உலர்த்தியும் அரவையும், அக்கம்பக்கத்து ஐந்தாறு விவசாயிகளின் சம்பா நெல்லை வாங்கி, பாரம்பரிய ரகமோ ஆடுதுறை ரகமோ அரிசியாக்கி விற்கும் ஏற்பாடு. நெல் ஈரமாக இருக்கிறது என்று திருப்பப்படுகிற ஊரில் உலர்த்திக்கு வேலை இல்லாமல் போகாது. நெல் பதப்படுத்தும் ஆய்வு மையமாக இருந்து, இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருக்கும் இடத்துக்கு ஒரு வாரம் போய் இயந்திரங்களைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அங்கே போகாமல் விற்பனைப் பிரதிநிதி சொன்ன இயந்திரத்தை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. மிச்சத்தில் வீடு, ஒரு மாட்டுக்கொட்டகை, பண்ணைக்குட்டை. வீட்டில் ஒருவருக்கு வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு வரும் யாத்திரிகர்களை ஒட்டிய தொழில் கைவருமானால் அதையும் யோசிக்கலாம், அந்தக் கூட்டம் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்து வருவதில்லை. முதல் மூன்று ஆண்டு லாபம் எதிர்பார்க்காதீர்கள். இந்தப் பத்தி முழுவதும் என் அபிப்பிராயம். உங்கள் ஊர் ஆட்களின் ஒத்துழைப்பு எப்படி என்பதை நீங்கள்தான் எடைபோட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த விடுமுறையைத் தைப் பொங்கலுக்குப் போடாதீர்கள். தையில் மழை விட்டு வாய்க்கால் நிறைந்திருக்கும், எந்த நிலமும் பச்சையாகத்தான் தெரியும். சித்திரைக் கடைசியிலோ வைகாசியிலோ வாருங்கள். உங்கள் போர்வெல்லிலும், கிழக்கே இரண்டு பக்கத்து வயல் போரிலும், அரைமணி நேரம் ஓடவிட்ட பிறகு ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, வயலின் நான்கு மூலையிலும் மண் எடுத்து, வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மின்கடத்துத் திறன் என்று ஓர் எண் வரும், உப்பின் அளவு அது. பழைய அறிக்கை அப்பாவின் பெட்டியில் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். இரண்டு எண்ணையும் எழுதுங்கள் தம்பி, அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுவோம்.